உயிரெழுத்துச் சக்கரம்: வெப் காம்பொனென்ட் மூலம் ஒரு வட்ட மெனு

கம்ப்யூட்டரிலும் மொபைல் போனிலும் நாம் பார்க்கும் மெனுக்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக வரிசையாகவே இருக்கும். முதலில் உள்ளதை உடனே தொட்டுவிடலாம். பன்னிரண்டாவதைத் தொட வேண்டுமானால் கண்ணும் விரலும் அவ்வளவு தூரம் பயணம் செய்திட வேண்டும். அதே பன்னிரண்டு பட்டன்களைக் கடிகார முகம் போல வட்டமாக அடுக்கினால், நடுவில் இருக்கும் விரலுக்கு எல்லாப் பட்டன்களும் ஒரே தூரத்தில் இருக்கும். அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையும் கிடைத்துவிடும். சில நாள் பழகினால், கண் தேடுவதற்கு முன்பே விரல் அந்தத் திசைக்குப் போய்விடும்.

இந்த வட்ட அடுக்கினை ஒரு முறை எழுதி வைத்துக் கொண்டு, வேண்டிய வெப் பக்கங்களில் எல்லாம் ஒரே ஒரு டேக் மூலம் பயன்படுத்த முடியுமா? முடியும். வெப் காம்பொனென்ட் என்னும் வசதி இதற்காகத்தான் உள்ளது. அதனை எப்படி அமைப்பது என இங்கு பார்க்கலாம். நாம் அடுக்கப் போவது, தமிழில் பன்னிரண்டாகவே அமைந்திருக்கும் உயிரெழுத்துகளை.

வட்ட மெனுவின் கதை

வட்ட மெனு புதிய யோசனை அல்ல. ஒரு பொருளைச் சென்று தொட ஆகும் நேரம், அது இருக்கும் தூரத்தையும் அதன் அளவையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் எழுதினார். தூரம் குறைந்தால் நேரம் குறையும்; பட்டன் பெரிதானாலும் நேரம் குறையும். 1988-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜாக் கலாஹன், டான் ஹாப்கின்ஸ், மார்க் வைசர், பென் ஷ்னைடர்மன் ஆகியோர் நீள மெனுவையும் வட்ட மெனுவையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். எட்டு எட்டு வாய்ப்புகள் கொண்ட மெனுக்களில், வட்ட மெனுவைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 15 சதவீதம் விரைவாகத் தேர்ந்தெடுத்தனர். தவறுகளும் குறைந்தன. 2000-ல் வெளியான ‘தி சிம்ஸ்’ கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடியவர்கள் இந்த வகை மெனுவை நன்றாகவே அறிவார்கள்.

எழுத்து உள்ளிடுவதற்கும் இது பயன்பட்டிருக்கிறது. 2008-ல் ஜப்பானில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அதில் ஒரு புதிய உள்ளீட்டு முறை இருந்தது. ‘க’ வரிசைக்கான பட்டனைத் தொட்டால் ‘க’. விரலை இடப்பக்கம் இழுத்தால் ‘கி’, மேலே இழுத்தால் ‘கு’, வலப்பக்கம் ‘கெ’, கீழே ‘கொ’. ஜப்பானிய மொழியில் உயிர் ஒலிகள் ஐந்துதான் என்பதால், நடுவும் நான்கு திசைகளும் சரியாகப் போதுமானதாக இருந்தன. நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் அனிருத்த ஜோஷி குழுவினர் 2010-களில் ‘ஸ்வரசக்ரா’ என்னும் மொபைல் கீ போர்டை இந்திய எழுத்துகளுக்காக உருவாக்கினர். மெய்யெழுத்தை அழுத்தினால் அதைச் சுற்றி உயிர்க்குறிகள் சக்கரமாகத் தோன்றும். வேண்டிய குறியை நோக்கி விரலை நகர்த்தினால் எழுத்து பதிவாகும்.

தமிழில் உயிர் பன்னிரண்டு. வட்டத்தின் 360 டிகிரியைப் பன்னிரண்டால் வகுத்தால் 30 டிகிரி. அதாவது கடிகாரத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் எழுத்து. 12 மணி இடத்தில் அ, 1 மணிக்கு ஆ, 2 மணிக்கு இ, 3 மணிக்கு ஈ எனச் சுற்றி வந்தால் 11 மணிக்கு ஔ வந்து நிற்கும். நடு இடம் காலியாக இருக்கிறதே என்கிறீர்களா? உயிரெழுத்துகள் மட்டும் காட்டப்படும்போது அங்கே ஃ அமர்ந்து கொள்ளும். மெய்யெழுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அங்கே புள்ளி வைத்த எழுத்து வரும். ‘க’ என்றால் சுற்றிலும் க, கா, கி முதல் கௌ வரை; நடுவில் க்.

யாருக்காக இந்தச் சக்கரம்?

வேகமாக டைப் செய்பவர்களுக்கு இது தேவையில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டினைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 கீ போர்டு இருக்கிறது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய் என்று அது நன்றாகத் திட்டமிடப்பட்டது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையும் எல்லாப் போன்களிலும் கிடைக்கிறது.

ஆனால் இந்த இரண்டிலும் சேராதவர்கள் இருக்கிறார்கள். சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளத்தில் இருக்கும் என் சித்தி அவர்களில் ஒருவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை நன்றாக வாசிப்பார், அழகாக எழுதுவார். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு அவர் கையில்தான். யார் யார் சந்தா கட்டினார்கள், யார் கடன் பாக்கி என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். குரலில் பதிவு செய்து அனுப்பினால் பிறகு தேட முடியாது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து, நோட்டைக் காட்டி டைப் செய்திடச் சொல்வார்.

“ஏய்யா, ‘ழ’ போடணும்னா இங்கிலீசுல என்ன எழுத்துய்யா தட்டணும்?” என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

“இசட்டும் ஹெச்சும் சித்தி.”

“தமிழ் எழுதுறதுக்குத் தமிழ் தெரிஞ்சா பத்தாதா? ஊர்க் கடன் கணக்கையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்டக் காட்ட வேண்டிக் கெடக்குய்யா.”

அவர் கவலைப்பட்டது வேகத்தைப் பற்றி அல்ல. இன்னொருவரின் கடன் விவரம் வெளியே போகக் கூடாது என்பதே அவருடைய கவலை. தானே எழுத முடிந்தால் போதும். அவருக்கு அ, ஆ, இ, ஈ என்ற வரிசை மனப்பாடம். க, ங, ச, ஞ என்ற வரிசையும் மனப்பாடம். இந்த இரண்டை மட்டும் தெரிந்தவர் பயன்படுத்தக் கூடிய ஒரு பக்கத்தை அமைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

தட்டல்கள் எத்தனை?

ஒரு சொல்லை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ‘குருவிகுளம்’ என்று எழுத வேண்டும். இதில் கு, ரு, வி, கு, ள, ம் என ஆறு எழுத்துகள்.

நம் சக்கரத்தில் மெய்யைத் தொட்டவுடன் அகர எழுத்து பதிவாகிவிடும், சக்கரமும் திறக்கும். வேறு உயிர் வேண்டுமானால் மட்டும் சக்கரத்தைத் தொட வேண்டும். எனவே ‘ள’வுக்கு ஒரு தட்டல், மற்ற ஐந்து எழுத்துகளுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 11.

தமிழ்99 முறையிலும் இதே 11 தட்டல்கள்தான். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகள் 11. ‘ள’வுக்காகப் பெரிய எழுத்தினைப் பெற ஷிப்ட் கீ ஒன்று கூடுதல்.

தட்டல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நினைவில் வைத்திருக்க வேண்டியதுதான் மாறுகிறது. ஒன்றுக்கு விசைகளின் இடம் தெரிய வேண்டும். மற்றொன்றுக்கு ஆங்கில எழுத்து தெரிய வேண்டும். சக்கரத்திற்கு அரிச்சுவடி தெரிந்தால் போதும்.

வட்டத்தில் எத்தனை பட்டன் தாங்கும்?

வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கினைப் போட்டுப் பார்ப்பது நல்லது. விரலால் தவறாமல் தொட ஒரு பட்டன் குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இணையத் தர அமைப்பான டபிள்யூ.3.சி. 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பில், நடுத்தர நிலைக்கு 24 பிக்ஸல் அகலமும் உயரமும், உயர் நிலைக்கு 44 பிக்ஸலும் கூறப்பட்டுள்ளன. நாம் 44 பிக்ஸலையே எடுத்துக் கொள்வோம். ‘ணௌ’ போன்ற அகலமான எழுத்துகள் தமிழில் இருப்பதால் சிறிய பட்டன் நமக்கு ஒத்து வராது. பட்டன்களுக்கு இடையே 4 பிக்ஸல் இடைவெளி சேர்த்தால் 48.

வட்டத்தின் ஆரத்தினைக் கண்டுபிடிக்கும் வழி இது: 180 டிகிரியைப் பட்டன்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் கோணத்தின் சைன் மதிப்பை 2-ஆல் பெருக்க வேண்டும். 48-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஆரம். பன்னிரண்டு பட்டன் என்றால் 15 டிகிரியின் சைன் மதிப்பு 0.2588, இரு மடங்கு 0.5176, ஆரம் சுமார் 93 பிக்ஸல். வட்டத்தின் மொத்த அகலம் ஆரத்தின் இரு மடங்கோடு ஒரு பட்டன் அளவு சேர்ந்தது.

6 பட்டன்: ஆரம் 48, மொத்த அகலம் 140 பிக்ஸல்.
8 பட்டன்: ஆரம் 63, மொத்த அகலம் 170 பிக்ஸல்.
12 பட்டன்: ஆரம் 93, மொத்த அகலம் 230 பிக்ஸல்.
18 பட்டன்: ஆரம் 139, மொத்த அகலம் 322 பிக்ஸல்.
24 பட்டன்: ஆரம் 184, மொத்த அகலம் 412 பிக்ஸல்.
60 பட்டன்: ஆரம் 459, மொத்த அகலம் 962 பிக்ஸல்.

பல மொபைல் போன்களில் பிரவுசர் திரையின் அகலம் 360 பிக்ஸல் என்று எடுத்துக் கொள்ளப்படும். 12 தாராளமாக அடங்கும். 18 இறுக்கமாக அடங்கும். 24 அடங்காது. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளையும் ஒரே வட்டத்தில் அடுக்க ஆசைப்பட்டால் டேபிளை நிறைக்கும் மானிட்டர்தான் வேண்டும்.

18 மெய்கள் அடங்கினாலும் நான் அவற்றை வட்டத்தில் வைக்கவில்லை. இலக்கணம் அவற்றை வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறு ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறது. மூன்று வரிசை, ஆறு பத்தி. 360 பிக்ஸல் திரையில் ஒவ்வொரு பட்டனுக்கும் 60 பிக்ஸல் கிடைக்கிறது. வட்டம் அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வட்டத்தில் திணிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைவாக, மாறாததாக, வரிசை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் மட்டும் வட்டம் பயன் தரும்.

ஒவ்வொரு பட்டனும் எங்கே?

மையத்திலிருந்து ஒவ்வொரு பட்டனும் எவ்வளவு தள்ளி வைக்கப்பட வேண்டும் என்பதற்கு இரண்டே சூத்திரங்கள். 12 மணி திசையை 0 டிகிரியாகக் கொண்டு வலச்சுற்றாக அளந்தால்:

வலப்பக்கத் தூரம் = ஆரம் × சைன் (கோணம்)
மேல்பக்கத் தூரம் = ஆரம் × காஸ் (கோணம்)

ஆரம் 93 என்றால், 1 மணி இடத்தில் உள்ள ‘ஆ’ மையத்திலிருந்து வலப்பக்கம் 46.5, மேல்பக்கம் 80.5 பிக்ஸல் தள்ளி இருக்கும். 2 மணி இடத்தில் உள்ள ‘இ’ வலப்பக்கம் 80.5, மேல்பக்கம் 46.5. 3 மணிக்கு ‘ஈ’ வலப்பக்கம் 93, மேலே 0.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிரவுசரில் கீழ்நோக்கிப் போனால்தான் எண் கூடும். எனவே மேல்பக்கத் தூரத்தைக் கழித்தல் குறியுடன் தர வேண்டும். இரண்டு, ஜாவா ஸ்கிரிப்டின் சைன் பங்ஷன் டிகிரியை ஏற்காது, ரேடியனைத்தான் ஏற்கும். டிகிரியைப் பை மதிப்பால் பெருக்கி 180-ஆல் வகுத்துத் தர வேண்டும். மூன்று, பட்டனின் இடது மேல் மூலையை அந்தப் புள்ளியில் வைக்காமல், பட்டனின் நடுப்பகுதி அந்தப் புள்ளியில் வருமாறு பாதி அகலமும் பாதி உயரமும் பின்னால் நகர்த்த வேண்டும்.

சி.எஸ்.எஸ்.ஸில் வேறொரு வழியும் உண்டு. பட்டனை முதலில் வேண்டிய கோணத்திற்குச் சுழற்றி, பிறகு ஆரத்தின் அளவுக்கு மேலே தள்ளி, அதே கோணத்திற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பச் சுழற்றலாம். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் போடும் ராட்டினத்தை நினைத்துக் கொள்ளுங்கள். சட்டம் சுற்றினாலும் பெட்டி நேராகவே தொங்கும். கடைசிச் சுழற்சியை விட்டுவிட்டால் 6 மணி இடத்தில் உள்ள ‘எ’ தலைகீழாகத் தெரியும்.

சைன், காஸ் இரண்டையும் சி.எஸ்.எஸ்.ஸிலேயே நேரடியாகவும் எழுதலாம். சபாரி 15.4 (2022 மார்ச்), பயர்பாக்ஸ் 108 (2022 டிசம்பர்), குரோம் 111 (2023 மார்ச்) முதல் இந்த வசதி உள்ளது. ஆனால் கிராமங்களில் கைமாறி வந்த பழைய போன்கள் நிறையப் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் பிரவுசர் ஒரு நிலைக்கு மேல் அப்டேட் ஆகாது. எனவே கணக்கினை ஜாவா ஸ்கிரிப்டிலேயே செய்திடுவது பாதுகாப்பானது.

காம்பொனென்ட் அமைக்கலாம்

வெப் காம்பொனென்ட் என்பது நாமே உருவாக்கும் ஒரு ஹெச்.டி.எம்.எல். டேக். 2011-ல் அலெக்ஸ் ரஸ்ஸல் முன்வைத்த யோசனை இது. இன்றைய வடிவிலான கஸ்டம் எலிமென்ட் வசதி குரோமில் 2016-லும், சபாரியில் 2017-லும், பயர்பாக்ஸில் 2018-லும், எட்ஜில் 2020 ஜனவரியிலும் வந்து சேர்ந்தது. இதற்கென எந்த லைப்ரரியையும் டவுன்லோட் செய்திட வேண்டாம். நோட்பேட் போதும்.

1. முதலில் டேக்கிற்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்றில் தொடங்க வேண்டும். இடையில் ஒரு ஹைபன் கட்டாயம். மற்ற எழுத்துகள் தமிழாகவே இருக்கலாம். முதல் எழுத்தையும் ஹைபனையும் அடுத்து ‘சக்கரம்’ என்று எழுதினால் பிரவுசர் மறுக்காது. ‘ஆரம்’, ‘தொடக்கம்’ என்று அட்ரிபியூட்களுக்கும், சி.எஸ்.எஸ். மாறிகளுக்கும், ஜாவா ஸ்கிரிப்ட் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயர் சூட்டலாம். பள்ளி மாணவர்களுக்குக் கற்றுத் தருவோருக்கு இது பெரிய உதவி.

2. ஹெச்.டி.எம்.எல். எலிமென்ட் என்னும் அடிப்படை வகுப்பிலிருந்து நம் வகுப்பினை உருவாக்க வேண்டும். அதனைக் கஸ்டம் எலிமென்ட்ஸ் பட்டியலில் டிஃபைன் கட்டளை மூலம் பதிவு செய்திட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பெயரை ஒரு முறைதான் பதிவு செய்திட முடியும். மறுமுறை முயன்றால் பிழைச் செய்தி கிடைக்கும்.

3. எலிமென்ட்டிற்கு ஒரு ஷேடோ டாம் இணைக்க வேண்டும். இது வேலி போட்ட கொல்லை போன்றது. உள்ளே எழுதும் சி.எஸ்.எஸ். வெளியே கசிந்து பக்கத்தின் மற்ற பகுதிகளைக் கெடுக்காது. அதற்குள் ஒரு ஸ்லாட் வைத்தால், டேக்கிற்குள் நாம் தரும் பட்டன்கள் அங்கே காட்டப்படும். பட்டன்களின் நிறம், எழுத்துரு ஆகியவற்றை அந்தந்தப் பக்கமே முடிவு செய்து கொள்ளலாம்.

4. ஸ்லாட்டில் உள்ளவை மாறும்போது ஸ்லாட்சேஞ்ச் என்னும் ஈவென்ட் நிகழும். அப்போது பட்டன்களை எண்ணி, ஆரத்தினைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிட வேண்டும். பட்டன் எட்டோ பன்னிரண்டோ, நாம் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. ஒரே பட்டன் இருந்தால் மட்டும் அதனை மையத்தில் வைத்துவிடுங்கள். அப்போது சைன் 180 டிகிரி பூஜ்யம் ஆவதால் வகுத்தல் கணக்கு உடைந்துவிடும். நடுவில் ஒரு பட்டன் வைப்பதானால் ஆரம் 48-க்குக் குறையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லையெனில் சுற்றியுள்ளவை நடுவில் உள்ளதன் மீது ஏறிவிடும்.

5. எந்த அட்ரிபியூட்கள் மாறினால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று எலிமென்ட் முன்னதாகவே பட்டியல் தர வேண்டும். ‘ஆரம்’ அந்தப் பட்டியலில் இருந்தால், அதன் மதிப்பை மாற்றியவுடன் வட்டம் தானாக விரிந்து சுருங்கும்.

6. பட்டன் தொடப்பட்டால் சக்கரம் நேரடியாக எழுத்தை எழுதக் கூடாது. ‘தேர்வு’ என்று ஒரு ஈவென்ட்டினை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். அதனை வைத்து எழுதுவதா, மாதத்தைத் தேர்ந்தெடுப்பதா, நிறத்தை மாற்றுவதா என்பதைப் பக்கம் பார்த்துக் கொள்ளும். இந்தப் பிரிவுதான் ஒரே காம்பொனென்ட்டைப் பல இடங்களில் பயன்படுத்த வழி செய்கிறது.

பைலினைச் சாதாரண ஸ்கிரிப்டாகவே இணைத்திடுங்கள். மாட்யூல் வகையாக இணைத்தால், கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பக்கத்தை நேரடியாகத் திறக்கும்போது குரோம் அதனைத் தடுத்துவிடும்.

தமிழுக்கான சில நுணுக்கங்கள்

யூனிகோடில் ‘கா’ என்பது இரண்டு குறியீடுகள்: ‘க’ என்ற எழுத்தும் துணைக்கால் குறியும். எனவே சக்கரத்திற்கு மெய்யின் அகர எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும். மற்ற 11 எழுத்துகளும் அதனோடு ஒவ்வொரு குறியாக ஒட்டக் கிடைத்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுக்கும் இதே முறைதான். பட்டனில் குறியை மட்டும் தனியே போட்டால் அதன் அருகில் ஒரு புள்ளிவட்டம் தெரியும். ஆகவே முழு எழுத்தையே போடுங்கள்.

எழுதியதில் கடைசி எழுத்தை அழிக்கும்போதும் கவனம் தேவை. ஒரு குறியீட்டை மட்டும் அழித்தால் ‘கொ’ என்பது ‘க’ ஆகிவிடும். இன்டெல் செக்மென்டர் என்னும் ஜாவா ஸ்கிரிப்ட் வசதி, சொல்லை நாம் காணும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். பயர்பாக்ஸில் 2024-லும், குரோம், சபாரியில் அதற்கு முன்பும் இது வந்துவிட்டது.

இன்னொரு நன்மையும் உண்டு. ‘கௌரி’ என்று எழுதப் பலரும் கெ என்ற எழுத்துக்குப் பின் ள போட்டு விடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. உறுப்பினர் பட்டியலில் கௌரியைத் தேடினால் கிடைக்காது. கடன் கட்டிய பெயர் ஒரு கௌரி, பாக்கிப் பட்டியலில் இருப்பது இன்னொரு கௌரி என்று ஆகிவிடும். சக்கரத்தில் 11 மணிப் பட்டன் எப்போதும் சரியான ஔகாரக் குறியையே தரும் என்பதால் இந்தக் குழப்பம் வராது.

விரலும் கீ போர்டும்

ஸ்வரசக்ராவில் விரலை அழுத்தி நகர்த்த வேண்டும். நான் அமைத்ததில் ஒரு தட்டு, விரலை எடுத்துவிட்டு மறு தட்டு. வலக்கையால் தொடுபவர்களுக்குக் கை மறைப்பது 4, 5 மணிப் பகுதியை. உ, ஊ இருப்பது அங்கேதான். விரலை எடுத்துவிட்டால் அவை தெரியும்.

திரையின் ஓரத்தில் உள்ள எழுத்தைத் தொட்டால் சக்கரத்தின் பாதி வெளியே போய்விடக் கூடாது. ஆரம் 93, பாதிப் பட்டன் 22, ஆக 115. சக்கரத்தின் மையம் இரு ஓரங்களிலிருந்தும் 115 பிக்ஸலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 360 பிக்ஸல் திரையில் மையம் 115-க்கும் 245-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எழுதும் பெட்டியைத் தொட்டதும் போனின் சொந்தக் கீ போர்டு எழுந்து பாதித் திரையை மறைக்கும். பெட்டியின் இன்புட்மோட் என்ற அட்ரிபியூட்டிற்கு ‘நன்’ என மதிப்பு தந்தால் அது எழாது.

கண் பார்வை இல்லாதவர்களையும், மவுஸ் பயன்படுத்தாதவர்களையும் மறக்க வேண்டாம். திரையில் வட்டமாக இருந்தாலும், பைலில் எழுத்துகள் அ, ஆ, இ என்ற வரிசையிலேயே இருக்க வேண்டும். ஸ்கிரீன் ரீடர் அந்த வரிசையில்தான் படிக்கும். உண்மையான பட்டன் டேக்கினையே பயன்படுத்துங்கள். டாப் கீ ஒரு முறை தட்டினால் சக்கரத்திற்குள் நுழைய வேண்டும். உள்ளே அம்புக் கீகளால் சுற்றி வர வேண்டும். எஸ்கேப் கீ சக்கரத்தை மூட வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்து வைத்தால் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலில் வாசிக்கும்.

ஒரு சக்கரம், பல வேலைகள்

சித்தியின் போனில் இந்தப் பக்கம் இருக்கிறது. எழுத்துகள் பெட்டியில் பதிவாகின்றன. அவற்றை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புகிறார். பக்கம் எதையும் எந்தச் சர்வருக்கும் அனுப்புவதில்லை. கடகடவென டைப் செய்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெயருக்கு நிதானமாகத் தேடித்தான் தட்டுகிறார். ஆனால் கணக்கு நோட்டு இப்போது வீட்டை விட்டு வெளியே போவதில்லை. மாதச் சந்தாவைப் பதிய, அதே டேக்கிற்குள் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு பட்டன்களைக் கொடுத்தேன். வேறு ஒரு வரியும் மாற்றாமல் அது மாதச் சக்கரமாகிவிட்டது.

நீங்களும் முயன்று பாருங்கள். எட்டுத் திசைகள், வண்ணங்கள், வாரத்தின் ஏழு நாட்கள், குழந்தைகளுக்கான எண் விளையாட்டு என வட்டத்தில் பொருந்துபவை பல உண்டு. முதலில் எத்தனை பட்டன் என்று எண்ணுங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் வரிசையாக அடுக்குவது பற்றி யோசியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது போனை நீட்டி ‘இதக் கொஞ்சம் டைப் பண்ணிக் குடு’ என்று கேட்பவராக இருந்தால், உயிரெழுத்துச் சக்கரத்தை முதலில் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.